கை உடைந்து வந்தவரிடம் "எப்படி விழுந்தீர்கள்" என்று ஏன் அத்தனை முறை கேட்கிறார்கள்?

பைக் சறுக்கி விழுந்ததில் உங்கள் தம்பிக்கு மணிக்கட்டு முறிந்திருக்கிறது. கை வளைந்து தொங்குவது கண்ணெதிரே தெரிந்தும், வந்து நின்ற ஒவ்வொருவரும் எப்படி விழுந்தார், என்ன வேகம், ஹெல்மெட் இருந்ததா, ஹேண்டில் எங்கே பட்டது என்றே கேட்டிருக்கிறார்கள். ஹேண்டில் வயிற்றில் இடித்த மாதிரி இருந்தது என்று அவர் சொன்னதும், வலியே இல்லாத வயிற்றை அழுத்திப் பார்த்திருக்கிறார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகும் ராத்திரி முழுக்க வைத்திருந்துதான் அனுப்பியிருக்கிறார்கள். "கண்ணுக்குத் தெரிகிற அடியை விட்டுவிட்டுக் கதை கேட்பது எதற்கு, பில்லை ஏற்றத்தானே?" என்று கேட்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அடிபட்ட விதத்தைக் கேட்டே உடம்புக்குள் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்க முடியுமா என்பது ஒன்று. அந்த ஊகத்தை நம்பி, நன்றாக இருக்கிற ஒருவரை ஒரு ராத்திரி படுக்க வைக்கலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதில் எங்களுக்குள்ளேயே இன்னும் வாதம் ஓயவில்லை. நான் அவசர சிகிச்சைப் பிரிவில் 16 ஆண்டுகளாக வேலை பார்க்கிற டாக்டர். உங்கள் தம்பியை நான் பார்க்கவில்லை. அதனால் அங்கே எடுத்த முடிவு சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட முடிவு எதிலிருந்து வருகிறது என்பதைச் சொல்கிறேன்.

உயிர் போகிற நிலையில் வருகிறவரிடம் யாரும் கதை கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. பீறிட்டு வரும் ரத்தத்தை அழுத்தி நிறுத்துவது, மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா என்று பார்ப்பது, நெஞ்சின் இரண்டு பக்கமும் சமமாக ஏறி இறங்குகிறதா, நாடி எப்படி, நினைவு எப்படி என்ற வரிசை யார் வந்தாலும் மாறாது. இந்த வரிசையே ஒரு விபத்தில் பிறந்ததுதான். 1976 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் ஓட்டிச் சென்ற சிறு விமானம் நெப்ராஸ்கா மாநிலத்து வயல்வெளியில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார். நான்கு பிள்ளைகளில் மூன்று பேருக்குப் படுகாயம். அருகிலிருந்த ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்குக் கிடைத்த சிகிச்சையைப் பார்த்து அவர் மனம் நொந்துபோனார். எந்தச் சிற்றூர் டாக்டரும் பின்பற்றக்கூடிய ஒரு முறை வேண்டும் என்று அவர் முனைந்ததில் 1978இல் முதல் பயிற்சி வகுப்பு நடந்தது. 1980இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதை ஏற்றுக்கொண்டது. இன்று உலகம் முழுக்கக் கற்பிக்கப்படுவது அந்த முறைதான். அதன்படி ஒருவர் நோயாளியின் மேல் கை வைத்திருக்கும்போதே இன்னொருவர் கூட வந்தவரிடம் என்ன நடந்தது என்று கேட்பார். ஆம்புலன்ஸில் வருகிறவர்களும் அடிபட்ட விதம், காயங்கள், நாடியும் பி.பி.யும், வழியில் செய்த சிகிச்சை என்ற ஒழுங்கில்தான் எங்களிடம் ஒப்படைப்பார்கள். அடிபட்ட விதம் முதலில் வருவதற்குக் காரணம் இருக்கிறது.

வண்டி ஒன்று மரத்தில் மோதும்போது உண்மையில் மூன்று மோதல்கள் நடக்கின்றன. வண்டி மரத்தில் மோதி நிற்கிறது. வண்டி நின்ற பிறகும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கிற ஆள் ஸ்டீயரிங்கிலோ தரையிலோ மோதி நிற்கிறார். அவர் நின்ற பிறகும் உள்ளே போய்க்கொண்டிருக்கிற மூளை மண்டையோட்டில் மோதுகிறது, கல்லீரலும் மண்ணீரலும் தங்களைக் கட்டியிருக்கும் இடத்தில் இழுபட்டுக் கிழிகின்றன. முதல் மோதலை வண்டியில் பார்க்கலாம், இரண்டாவதைத் தோலில் பார்க்கலாம். மூன்றாவது வெளியே தெரியாது. ஆளைக் கொல்வது பெரும்பாலும் அதுதான். வேகம் இரண்டு மடங்கானால் உடம்பு தாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. 40 கிலோமீட்டரில் வந்தாரா 80இல் வந்தாரா என்று நாங்கள் கேட்பது இதனால்தான்.

பெருநாடியை எடுத்துக்கொள்ளுங்கள். இதயமும் அதிலிருந்து கிளம்பும் பெருநாடியின் வளைவும் நெஞ்சுக்குள் ஓரளவு அசையக்கூடியவை. அந்த வளைவு தாண்டி முதுகெலும்பை ஒட்டி இறங்குகிற பகுதி அசையாமல் கட்டுண்டு கிடக்கிறது. ஆள் சட்டென்று நின்றதும் வளைவு முன்னே ஓடும், இறங்குபகுதி ஓடாது. இரண்டும் சேருகிற இடத்தில் நாளம் கிழியும். பெரும்பாலானவர்கள் விபத்து நடந்த இடத்திலேயே இறந்துவிடுகிறார்கள். உயிரோடு வந்து சேர்கிறவருக்கு நாளத்தின் வெளிப்படலம் மட்டும் ரத்தத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். நெஞ்சில் ஒரு கீறல்கூட இல்லாமல் அவர் நம்மோடு பேசிக்கொண்டிருப்பார். அவரை சி.டி. ஸ்கேனுக்கு அனுப்ப வைப்பது, பல நேரம், "நல்ல வேகத்தில் வந்து நேராகத் தூணில் மோதினார்" என்று யாரோ சொன்ன ஒரு வரிதான்.

இனி ஹேண்டில். பைக்கும் சைக்கிளும் சாயும்போது சக்கரம் திரும்பி ஹேண்டில் முனை வயிற்றைப் பார்த்து நிற்கிறது. ஆளின் எடை முழுவதும் ஒரு நாணயம் அளவு இடத்தில் இறங்குகிறது. விலா எலும்புக்குக் கீழே, நடு வயிற்றில் அது இறங்கினால், பின்னால் இருக்கிற முதுகெலும்பின் மேல் கணையமும் சிறுகுடலின் முதல் பகுதியும் நசுங்கும். பல ஆண்டுகளுக்கு முன் சைக்கிளிலிருந்து விழுந்த ஒன்பது வயதுப் பையனை அழைத்து வந்தார்கள். முட்டியில் சிராய்ப்பு, அதற்காகத்தான் அழுதான். சட்டையைத் தூக்கினால் தொப்புளுக்கு மேலே, கொஞ்சம் வலப்புறமாக, வட்டமாக ஒரு சிவப்புத் தடம். ஹேண்டில் ரப்பரின் வரிகள்கூட அதில் பதிந்திருந்தன. வயிறு மெத்தென்று இருந்தது, நாடி சரி, ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அந்தத் தடத்துக்காகவே அவனை வைத்துக்கொண்டோம். மறுநாள் காலையில் பச்சையாக வாந்தி எடுக்க ஆரம்பித்தான். சிறுகுடலின் சுவருக்குள் ரத்தம் கட்டி வழியை அடைத்திருந்தது. அறுவை சிகிச்சை இல்லாமலே பிழைத்துக்கொண்டான், ஆனால் இரண்டு வாரம் வாய்வழி உணவு இல்லாமல் கிடந்தான். வீட்டுக்கு அனுப்பியிருந்தால், பையன் ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் அவன் பெற்றோர் நினைத்திருப்பார்கள்.

வலி இல்லை என்று உங்கள் தம்பி சொன்னதை அவர்கள் ஏன் நம்பவில்லை என்பதும் இங்கேதான் வருகிறது. அவர் பொய் சொன்னதாக யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். உடைந்த எலும்பின் வலி மற்ற வலிகளை அமுக்கிவிடும். கை வலிக்கிற ஆளிடம் வயிறு வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். பி.பி.யையும் முழுதாக நம்ப முடியாது. பெரியவர் உடம்பில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. இளவயதுக்காரர்களின் ரத்தக்குழாய்கள் நன்றாகச் சுருங்கி ஈடுகட்டுவதால், அதில் 30 சதவீதம் போகிற வரைக்கும் பி.பி. சரியாகவே காட்டலாம். அது விழத் தொடங்கும்போது நேரம் கடந்திருக்கும். படுக்கையருகே செய்யும் அல்ட்ராசவுண்ட், வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருந்தால் காட்டும். குடலில் சிறு ஓட்டை, கணையத்தில் கிழிசல், வயிற்றுக்குப் பின்புறம் கசிகிற ரத்தம் இவற்றை அது காட்டாது. சி.டி. ஸ்கேன்கூட முதல் சில மணி நேரத்தில் குடல் காயத்தையும் கணையக் காயத்தையும் தவறவிடுவதுண்டு. ஆகவே இவற்றைப் பிடிக்க இருக்கிற நல்ல வழி, அதே டாக்டரின் கை அதே வயிற்றைச் சில மணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்ப்பதுதான். அந்த ராத்திரியில் அவருக்கு நடந்தது அதுவாக இருக்கலாம்.

நான் வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டில் தொடை எலும்பு முறிந்த ஒரு கார் ஓட்டுநரைப் பார்த்தேன். காலை நேராக்கிக் கட்டி, டிரிப் போட்டு, ரத்தத்துக்குச் சொல்லி அனுப்பினேன். ஒரு தொடை எலும்பு முறிவிலேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் தசைக்குள் இறங்கிவிடும் என்பது மனதில் இருந்தது, அதைச் சரியாகவே செய்தேன். சீனியர் வந்தார். நான் பார்த்த தொடையை விட்டுவிட்டு அவர் முழங்காலைப் பார்த்தார். அங்கே இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. "இது டேஷ்போர்டில் இடிச்சதாம்மா?" என்று கூட வந்த மனைவியிடம் கேட்டார். ஆமாம் என்றார் அந்த அம்மா. உடனே இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். தொடை எலும்பின் தலை இடுப்பெலும்பின் கிண்ணத்திலிருந்து கழன்று பின்னால் கிடந்தது. நேர் மோதலில் ஆள் இருக்கையில் சறுக்கி முன்னே போகும்போது முழங்கால் டேஷ்போர்டில் முட்டுகிறது. அந்த அடி தொடை எலும்பின் வழியாக ஓடி, அதை உடைக்கும், அல்லது இடுப்பு மூட்டைக் கழற்றும், சில நேரம் இரண்டையும் செய்யும். தொடை உடைந்திருந்தால் இடுப்பு கழன்றதற்கான அடையாளம், அதாவது கால் குட்டையாகி உள்பக்கம் திரும்பிக் கிடப்பது, தெரியாமல் போகும். கழன்ற இடுப்பை ஆறு மணி நேரத்துக்குள் கிண்ணத்தில் ஏற்ற வேண்டும். தாமதம் ஆக ஆக எலும்புத் தலைக்குப் போகும் ரத்தம் நின்று அது மடிந்துவிடும் ஆபத்து கூடும். அன்றைக்கு நேரம் இருந்தது, பிழைத்தோம். அந்த நாளுக்குப் பிறகு முழங்கால் சிராய்ப்பை நான் சிராய்ப்பாக மட்டும் பார்த்ததில்லை.

சீட் பெல்ட் தடமும் அப்படித்தான். பெல்ட் போடாமல் இருந்திருந்தால் பலர் எங்களிடம் உயிரோடு வந்திருக்கவே மாட்டார்கள், அதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. ஆனால் இடுப்பெலும்பின் மேல் கிடக்க வேண்டிய பட்டை வயிற்றின் மேல் ஏறியிருந்தால், உடம்பு அதன் மேல் மடங்கும்போது குடலும் அதைத் தாங்கும் சவ்வும் கிழியலாம், கீழ் முதுகெலும்பு குறுக்காகப் பிளக்கலாம். வயிற்றில் குறுக்கே நீலம் பாரித்த கோடு இருந்தால் இந்த இரண்டையும் சேர்த்தே தேடுவோம்.

உயரத்திலிருந்து விழுந்தவர் கதை கீழிருந்து மேலே ஏறும். காலூன்றி விழுந்தவருக்கு முதலில் குதிகால், பிறகு முழங்கால், இடுப்பு, கடைசியில் முதுகெலும்பு என்று அடி பயணம் செய்கிறது. குதிகால் நொறுங்கி வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பும் முறிந்திருக்கும். எவ்வளவு உயரம் என்பதோடு எதன் மேல் விழுந்தார் என்றும் கேட்கிறோம். ஹியூ டிஹேவன் என்ற அமெரிக்கர் 1942இல், 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்த எட்டுப் பேரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர்கள் விழுந்த மண்ணும் கூரையும் சில அங்குலம் உள்வாங்கியது. அந்தச் சில அங்குலத்தில் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது. காரின் முன்பக்கம் நசுங்கும்படி இன்று கட்டப்படுவதும் இதே தத்துவத்தில்தான். அதனால், முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிய காரின் படத்தை நீட்டும்போது நான் பார்ப்பது பானெட்டை அல்ல. ஆள் உட்கார்ந்திருந்த இடத்துக்குள் தகடு எவ்வளவு தூரம் புகுந்திருக்கிறது என்பதையும், உள்ளேயிருந்து அவரை வெட்டி எடுத்தார்களா என்பதையும்தான் பார்க்கிறேன்.

கத்திக்குத்தில் கணக்கு வேறு. கத்தி போன பாதையில்தான் காயம், ஆனால் அந்தப் பாதை எங்கே போனது என்று தோலைப் பார்த்துச் சொல்ல முடியாது. மூச்சை வெளியே விடும்போது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையான உதரவிதானம் முலைக்காம்பு மட்டம் வரை ஏறிவிடுகிறது. எனவே அதற்குக் கீழே நெஞ்சில் குத்துப்பட்டவருக்கு வயிற்றிலும் காயம் இருக்கலாம். செருகி நிற்கிற பொருளை யாரும் பிடுங்கக் கூடாது, அதுவே அடைப்பாக நின்று ரத்தத்தைத் தடுத்துக்கொண்டிருக்கலாம். தீ விபத்தில் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, அடைத்த அறைக்குள் இருந்தாரா என்பது. இருந்திருந்தால் மூச்சுக்குழல் உள்ளே வெந்து வீங்கத் தொடங்கியிருக்கலாம். புகையில் கார்பன் மோனாக்சைடு கலந்திருந்தால் விரலில் மாட்டும் கருவி 98 என்று காட்டிக்கொண்டே இருக்கும், ரத்தத்தில் போதிய ஆக்சிஜன் இருக்காது. மின்சாரம் தாக்கியவருக்கு விரல் நுனியில் ஒரு புள்ளி, உள்ளே கை முழுவதும் தசை வெந்திருக்கலாம்.

இதுவரை சொன்னது உறுதியானது. சந்தேகமான இடத்துக்கு வருகிறேன். அடிபட்ட விதம் எங்கே தேட வேண்டும் என்று சொல்கிறது, அங்கே காயம் இருக்கிறது என்று சொல்வதில்லை. அதை மட்டும் வைத்துப் பார்த்தால் ஏராளமானோர் ஒன்றுமில்லாமல் எழுந்து நடந்து போகிறவர்களாகவே இருப்பார்கள். யாரைப் பெரிய விபத்து மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்குச் சொல்லும் அமெரிக்க வழிகாட்டி 2021இல் திருத்தப்பட்டது. அதில் நாடி, பி.பி., நினைவு, கண்ணுக்குத் தெரியும் பெருங்காயம் ஆகியவை சிவப்புப் பட்டியலில் இருக்கின்றன. வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டது, 10 அடிக்கு மேலிருந்து விழுந்தது போன்றவை அடுத்த படியான மஞ்சளில்தான். எனக்கும் அந்த வரிசை சரியாகவே படுகிறது. உடம்பு இப்போது காட்டுகிற நிலையைக் கதை மீற முடியாது. அதே சமயம், கதை சிறியதாக இருந்தால் காயமும் சிறியது என்று நினைப்பது இன்னும் பெரிய தவறு. எழுபது வயதில் குளியலறையில் நின்ற நிலையில் விழுவது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், வாலிபர் மாடியிலிருந்து விழுவதற்குச் சமமான கவலையைத் தரும். மூளையைச் சுற்றி மெல்லக் கசிகிற ரத்தம் நாட்கள் கழித்துக்கூடத் தலைகாட்டும்.

கதையை எவ்வளவு நம்பலாம், எவ்வளவு சோதிக்கலாம் என்பதில் டாக்டருக்கு டாக்டர் வித்தியாசம் இருக்கிறது. வேகமான விபத்து என்றாலே தலை முதல் இடுப்பு வரை சி.டி. எடுத்துவிடலாம் என்கிறவர்கள் உண்டு. இளம் வயதில் தேவையில்லாத கதிர்வீச்சு வேண்டாம், பார்த்துப் பார்த்து முடிவு செய்யலாம் என்கிறவர்கள் உண்டு. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறவன், ஆனால் அதற்கு ராத்திரி முழுக்க ஆள் இருந்து திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அது இல்லாத இடத்தில் ஸ்கேனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கழுத்துக்கு மட்டும் நல்ல ஒரு விதி இருக்கிறது. 2001இல் கனடாவில் வகுக்கப்பட்ட அந்த விதிப்படி, நினைவு தெளிவாக இருப்பவர்களில் யாருக்குக் கழுத்துப் படம் வேண்டாம் என்று துணிந்து சொல்லலாம். அதிலும் அடிபட்ட விதம் இருக்கிறது: மூன்றடி அல்லது ஐந்து படியிலிருந்து விழுந்தது, தலைகீழாகத் தண்ணீரில் பாய்ந்தது, சைக்கிளில் மோதியது போன்றவை இருந்தால் படம் எடுத்தே ஆக வேண்டும்.

ஒரே கேள்வியை ஒவ்வொருவரும் கேட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. கதையும் காயமும் பொருந்துகிறதா என்று நாங்கள் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். இன்னும் புரளவே தெரியாத கைக்குழந்தை கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தது என்று சொன்னால், கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொல்கிற பெண்ணின் முன்கையில் தடுத்த அடி இருந்தால், அந்தப் பொருந்தாமையே எங்களுக்கு ஒரு நோய்க்குறி. குடித்திருந்ததையோ, வண்டியை ஓட்டியது யார் என்பதையோ பயத்தில் மாற்றிச் சொல்கிறவர்கள் நிறைய. ஸ்டீயரிங் பின்னால் இருந்தவருக்கு நாங்கள் தேடுவது வேறு, பக்கத்து இருக்கையில் இருந்தவருக்குத் தேடுவது வேறு. பொய்யான கதை எங்களைத் தவறான உறுப்புக்கு அனுப்பிவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொன்னாலே போதும்.

பில்லைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த ஆஸ்பத்திரியின் மனதை நான் படிக்க முடியாது. ஹேண்டில் வயிற்றில் இடித்தது, கையில் மறைக்கிற வலி, முதல் ஸ்கேன் சுத்தம் என்ற மூன்றும் சேர்ந்தால், என் தம்பியையும் நான் அந்த ராத்திரி வைத்திருந்திருப்பேன். இப்போது அவர் வீட்டில் இருக்கிறார் என்பதால் ஒன்று சொல்கிறேன். அடுத்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் வாந்தி, வயிறு உப்பி வலிப்பது, காய்ச்சல், எழுந்தால் தலைசுற்றல், அடிபடாத இடது தோளில் புதிதாக வலி இவற்றில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். கடைசியாகச் சொன்னது மண்ணீரல் கசிவதால் உதரவிதானம் உறுத்தப்படும்போது வருவது. நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், கைக்கட்டைப் பற்றிப் பேசும் முன்பு, "இத்தனை நாளுக்கு முன்னால் பைக் ஹேண்டில் வயிற்றில் குத்தியது" என்று முதலில் சொல்லுங்கள்.